அறுபதரை அடி

மலைச்சி எறிகிற பந்தை
என் இடது உள்ளங்கைக்குத் தெரியும்.
நேர்ப்பந்து என்றால் பெருவிரல் மடியில் சுள்ளென்று விழும்.
வளைபந்து என்றால்
கொஞ்சம் யோசித்துவிட்டு விழும்.

வண்டிமலைச்சி என்பது முழுப்பெயர்.
வருகைப் பதிவில் கூப்பிட்டால் வகுப்பு சிரிக்கும்.
பந்தை எடுத்துவிட்டால் யாரும் சிரிப்பதில்லை.

முக்கூடல் பள்ளியில் பேஸ்பாலுக்கு
ஒன்பது பேர், நாலு கையுறை.
ஹோம் பிளேட் ஒரு கல்யாண பிளெக்ஸில் வெட்டியது,
மாப்பிள்ளையின் ஒரு காதும்
'நல்வரவு' என்பதில் பாதியும் அதில் இருக்கும்.
முகமூடிக்கு என் அண்ணனின் ஹெல்மெட்.
அதற்குள் அவன் தலை எண்ணெய் வாடை,
பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க அதைத்தான் சுவாசித்தேன்.

பள்ளிவிட்டுப் போனால் இருநூறு பீடி அவள் பங்கு.
இலையில் தூள் வைத்துச் சுருட்டுகிற விரல்தான்
பந்தையும் சுழற்றுகிறது என்று
ஆண்டு விழாவில் பி.டி. டீச்சர் மைக்கில் சொன்னார்.
கைதட்டினார்கள்.
மலைச்சிக்குக் கோபம்.
"அந்த விரலு வேற, இந்த விரலு வேற" என்றாள்
என்னிடம் மட்டும்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி.
விளையாட்டு ஒதுக்கீட்டில் பேஸ்பாலுக்கு ரெண்டு இடம்,
விடுதியும் சாப்பாடும் சும்மா.
"பந்தெறியவா சோறு போடுதாவ?" என்று
அவள் அம்மா மூன்று தடவை கேட்டாள்,
மூன்றாவது தடவை சந்தோஷமாக.

எறிகிறவள் தனியாகப் போக முடியாது,
பிடிக்க ஆள் வேண்டும். போனேன்.
எனக்கு ஆவணியில் டவுண் ஜவுளிக்கடை வேலை,
சுடிதார் செக்‌ஷன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

முதல் பஸ். சுத்தமல்லி தாண்டியும் பேச்சில்லை.
சிவப்புத் தையலை நகத்தால் எண்ணிக்கொண்டே வந்தவள்
பேட்டையில் "நூத்தெட்டு" என்றாள்.
"கோயிலா சுத்துத?" என்றேன்.

சான்றிதழில் பெயர் சரி, தேதி சரி.
விளையாட்டு: சாஃப்ட்பால்.
யாரோ தட்டச்சில் செய்த தப்பு.
மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.
"எதும்மா நீ ஆடுறது?"

பீடிக்கடைக் கணக்கப்பிள்ளை
கட்டைப் பிரித்துக் கழிவு ஒடிக்கும்போது
எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள்.
"எறிஞ்சு காட்டச் சொல்லுங்க மேடம்" என்றது நான்தான்.

டேப் வைத்து அளந்தார்கள். அறுபதரை அடி.
எங்கள் ஊரில் அது
வேப்பமரத்திலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை,
காலடியால் அளந்தது.
யார் காலடி என்று யாரும் கேட்டதில்லை.
இங்கே மலைச்சி ரொம்பத் தள்ளி,
ரொம்பச் சின்னதாக இருந்தாள்.

அஞ்சு பந்து.
முதலாவது நேர். வேடிக்கை பார்த்த வாட்ச்மேன் "யாத்தி" என்றார்.
ரெண்டாவது மண்ணில்.
மூணாவது என் தலைக்கு மேலே போய்
சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு மணியை அடித்தது.
நாலாவது வளைந்தது,
கல்லூரிக்காரி காற்றை அடித்தாள்.
அஞ்சாவதும் வளைந்தது,
வளைந்துகொண்டே போனது,
பிளேட்டுக்கு ஒரு சாண் வெளியே.

பிடித்த கையை உள்ளே கொண்டுவந்தேன்.
பிடித்ததும் இழுத்ததும் ஒரே மூச்சு.
பிறகு அசையவில்லை,
பந்து அங்கேயேதான் வந்தது என்பதுபோல.

மேடம் என்னவோ எழுதினார்.
"ஃபோன் வரும்."
மலைச்சி வீட்டு ஃபோனில் ரீசார்ஜ் இல்லை,
என் நம்பரைச் சொன்னாள்.

ஜங்ஷனில் பஸ் ஏறி உட்கார்ந்ததும்,
"ஏட்டி, கடைசிப் பந்து வெளியதான?"
"உள்ளதான்."
என் இடது கையை எடுத்து மடியில் வைத்து
வீங்கின இடத்தில் அழுத்தினாள்.
வலித்தது.
"ஒரு சாண்" என்றாள்.
டிக்கெட்டுக்குச் சில்லறை நான் கொடுத்தேன்.

இன்றோடு பதினோரு நாள்.
லோன் வேண்டுமா என்று ஒருத்தி கூப்பிட்டாள்.
ஜவுளிக்கடையிலிருந்து ஒருதடவை,
ராங் நம்பர் ரெண்டு.
எல்லாவற்றையும் இடது கையால்தான் எடுக்கிறேன்.